பக்கவாதத்துக்குப் பின் மூளைத் தூண்டல் சிகிச்சை: நோயாளியும் குடும்பமும் படிப்படியாக அறிய வேண்டியவை

பக்கவாதத்திலிருந்து பிழைத்து வீடு திரும்பியவரின் குடும்பத்தினர், முதல் சில வாரங்களின் பதற்றம் அடங்கிய பிறகு, மீட்சிக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்று தேடத் தொடங்குகிறார்கள். அந்தத் தேடலில் இன்று அடிக்கடி எதிர்ப்படும் பெயர் மூளைத் தூண்டல் சிகிச்சை. காந்தச் சுருளைத் தலையின்மேல் வைத்து மூளையைத் தூண்டுவது, மிகச் சிறிய மின்னோட்டத்தைத் தலைவழியே செலுத்துவது, கழுத்து நரம்பில் கருவி பதிப்பது என இதற்குப் பல வடிவங்கள் உண்டு. இவற்றுள் சிலவற்றுக்கு நல்ல சான்றுகள் கிடைத்துள்ளன. சில, சிறிய ஆய்வுகளில் பலன் தந்து பெரிய ஆய்வுகளில் பொய்த்துப் போயுள்ளன. எனவே எது, யாருக்கு, எப்போது, எதனுடன் சேர்த்து என்ற கேள்விகளைக் கேட்காமல் இதில் இறங்குவது சரியல்ல.

முடிவெடுக்க வேண்டிய வரிசையிலேயே இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன். என் நிலைப்பாட்டைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். தூண்டல் என்பது பயிற்சிக்குத் துணையாகச் சேர்க்கப்படுவது. பயிற்சித் திட்டம் இல்லாத இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தாலும் அதற்குப் பணம் கட்ட வேண்டாம்.

எந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறோம்

நம்மூர் பிசியோதெரபி நிலையங்களில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லப்படும் சிகிச்சை இதுவன்று. அங்கே கை, கால் தசைகளின்மேல் பட்டைகளை ஒட்டி மின்சாரம் கொடுக்கிறார்கள்; அது தசையையும் அதற்குச் செல்லும் நரம்பையும் தூண்டுகிறது, மூளையைத் தொடுவதில்லை. மனநல மருத்துவத்தில், மயக்க மருந்து கொடுத்து வலிப்பை வரவழைக்கும் ‘ஷாக் ட்ரீட்மென்ட்’டும் இதுவன்று. பெயர்க் குழப்பத்தால் அஞ்சி விலகியவர்களும் உண்டு, வேறொன்றை இதுவென நம்பிப் பணம் கட்டியவர்களும் உண்டு. ஆகையால் ஒரு நிலையத்துக்குச் சென்றதும், ‘கருவியை உடலின் எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்கள், அது எதைத் தூண்டும்?’ என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

நாம் பேசப்போவது முக்கியமாக மூன்று முறைகளைப் பற்றி. முதலாவது காந்தத் தூண்டல், மருத்துவர்கள் டி.எம்.எஸ். என்பார்கள். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் அவருடைய குழுவினரும் இதை முதன்முதலில் செய்து காட்டினார்கள். தலைக்குமேல் வைத்த கம்பிச் சுருளில் மிக வேகமாக மாறும் மின்னோட்டம் பாயும்போது உண்டாகும் காந்தப்புலம், மண்டையோட்டை வலியின்றிக் கடந்து, மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டத்தை உருவாக்குகிறது. கையை இயக்கும் பகுதிக்குமேல் சுருளை வைத்தால், எதிர்ப்புறக் கையின் விரல் தானாகத் துடிக்கும்.

இரண்டாவது நேர்மின்னோட்டத் தூண்டல், அதாவது டி.டி.சி.எஸ். ஈரமான பஞ்சு உறையிட்ட இரண்டு மின்முனைகளைத் தலையில் கட்டி, 1 முதல் 2 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டத்தைச் சுமார் 20 நிமிடம் செலுத்துவார்கள். இது நரம்பணுவை நேரடியாக இயக்குவதில்லை. இயங்குவதற்கான அதன் தயார்நிலையைச் சற்றே கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மைக்கேல் நிட்ஷேயும் வால்டர் பவுலஸும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும் அந்த மாற்றம் சிறிது நேரம் நீடிப்பதைக் காட்டியது. மூன்றாவது முறை, மூளையிலிருந்து கழுத்து வழியே செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்டும் வேகஸ் நரம்புத் தூண்டல். இதற்கு அறுவைச் சிகிச்சை தேவை. இதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

மூளைக்குள் என்ன மாற வேண்டும்

இரத்த ஓட்டம் நின்று இறந்துபோன மூளைப் பகுதியை எந்தத் தூண்டலாலும் உயிர்ப்பிக்க முடியாது. மீட்சி என்பது, பிழைத்திருக்கும் சுற்றுப் பகுதிகளும் தொலைவிலுள்ள பகுதிகளும் புதிய இணைப்புகளை உருவாக்கி, இழந்த வேலையை ஏற்றுக்கொள்வது. இந்த மறுசீரமைப்பு பக்கவாதம் வந்த முதல் மூன்று மாதங்களில் மிக வேகமாகவும் அதன்பின் மெதுவாகவும் நடக்கிறது. முற்றாக நின்றுவிடுவதில்லை என்பதால், ஓராண்டு கடந்தவர்களும் பயிற்சியால் முன்னேறுகிறார்கள்.

மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டு சமநிலையில் இருப்பவை. ஒரு பாதி சேதமடைந்ததும், எதிர்ப் பாதி தன்னைத் தடுப்பாரின்றி மிகையாக இயங்கி, ஏற்கெனவே நலிந்த பாதியை மேலும் அடக்குகிறது என்பது நெடுநாளாக நிலவும் விளக்கம். இதன் அடிப்படையில்தான் இரண்டு உத்திகள் பிறந்தன. நொடிக்கு ஒரு துடிப்பு என மெதுவாகத் தூண்டினால் அந்தப் பகுதி அடங்கும்; எனவே அதை நல்ல பாதியின்மேல் கொடுப்பது முதல் உத்தி. நொடிக்கு 5 அல்லது 10 துடிப்பு என வேகமாகத் தூண்டினால் அந்தப் பகுதி கிளர்ச்சி பெறும். எனவே அதைப் பாதிக்கப்பட்ட பாதியின்மேல் கொடுப்பது இரண்டாவது உத்தி.

இந்த விளக்கம் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. சேதம் மிகப் பெரிதாக உள்ளவர்களில், எஞ்சிய சிறு அசைவையும் நல்ல பாதியே தாங்கிக்கொண்டிருக்கக்கூடும். அதை அடக்கினால் இருப்பதும் குறையலாம். ஸ்கேன் படத்தைப் பாராமல், கையைச் சோதிக்காமல், வருகிற அனைவருக்கும் ஒரே அமைப்பில் கருவியை இயக்கும் இடத்தை நான் ஐயத்துடன் பார்ப்பதற்கு இதுவே காரணம்.

படி 1: உடல்நிலை சீரடையும் வரை பொறுத்திருத்தல்

முதல் நாட்களில் கவனம் முழுவதும் உயிரைக் காப்பதிலும், பக்கவாதத்தின் காரணத்தைக் கண்டறிவதிலும், மீண்டும் வராமல் தடுப்பதிலும் இருக்க வேண்டும். இரத்தக் குழாய் அடைப்பா, இரத்தக் கசிவா, இதயத் துடிப்புக் கோளாறா என்பது தெளிவாகி, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்த பிறகே மற்றவை.

சீக்கிரம் தொடங்கினால் நல்லது என்பதற்கும் எல்லை உண்டு. அவெர்ட் என்ற பன்னாட்டு ஆய்வு, 2,104 நோயாளிகளை வைத்து, முதல் 24 மணி நேரத்துக்குள் அதிக அளவில் எழுப்பி நடக்கவைக்கும் முறையைச் சோதித்தது. 2015இல் வெளியான முடிவின்படி, அப்படி அவசரப்படுத்தப்பட்டவர்களில் நல்ல நிலைக்குத் திரும்பியவர்களின் விகிதம் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. படுக்கையிலேயே கிடக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. சிறிது சிறிதாக, பல முறை எழுப்புவதே நல்லது. தூண்டல் சிகிச்சையைப் பற்றிய பேச்சு, நோயாளி விழிப்புடன் அமர்ந்து, சொல்வதைப் புரிந்து, குறைந்தது அரை மணி நேரம் பயிற்சி செய்யும் நிலைக்கு வந்த பிறகு போதும்.

படி 2: எந்தத் திறன் வேண்டும் என்று தீர்மானித்தல்

‘பக்கவாதத்துக்குத் தூண்டல்’ என்று பொதுவாக எதுவும் கிடையாது. ஒவ்வொரு குறைபாட்டுக்கும் தூண்டும் இடம் வேறு, சான்றின் வலிமையும் வேறு. சட்டைப் பொத்தானைப் போடுவது, சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவது, வீட்டாரின் பெயரைச் சொல்லி அழைப்பது போன்ற ஓர் இலக்கை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். அது எந்தத் திறனைச் சார்ந்தது என்பதை மருத்துவரும் பயிற்சியாளரும் பிரித்துச் சொல்வார்கள்.

கை அசைவுக்கே மிக அதிகமான ஆய்வுகள் நடந்துள்ளன. ஐரோப்பிய வல்லுநர் குழு 2020இல் வெளியிட்ட மதிப்பீடு, பக்கவாதம் வந்து சில வாரங்கள் கடந்த நிலையில் உள்ளவர்களின் கைத் திறனுக்கு, நல்ல பாதியின்மேல் கொடுக்கப்படும் மெதுவான காந்தத் தூண்டலை மிக உயர்ந்த சான்று நிலையில் வைத்தது. பாதிக்கப்பட்ட பாதியின்மேல் கொடுக்கும் வேகமான தூண்டலுக்கு அதற்கடுத்த நிலையே கிடைத்தது.

பேச்சு இழந்தவர்களில், புரிந்துகொண்டும் சரளமாகப் பேச முடியாதவர்களுக்கு, வலப் பக்க முன்மூளையின் கீழ்ப்பகுதியில் மெதுவான தூண்டல் கொடுப்பதற்கும் அதே இரண்டாம் நிலை தரப்பட்டது. நேர்மின்னோட்டத்தில், அமெரிக்காவில் 74 பேரை வைத்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, பொருள்களின் பெயர் சொல்லும் பயிற்சியுடன் 1 மில்லி ஆம்பியரை 15 சிட்டிங் கொடுத்துப் பார்த்தது. மேலும் பெரிய ஆய்வு நடத்தத் தகுதியுடையது என்ற அளவில் அதன் முடிவு நின்றது.

பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பயிற்சிக்கு ஒத்துழைக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளும் வீடுகள் பல; உண்மையில் அது மருத்துவம் தேவைப்படும் நோயாக இருக்கலாம். மனச்சோர்வுக்குக் காந்தத் தூண்டல் அமெரிக்காவில் 2008லேயே அனுமதி பெற்றது. மாத்திரையாலோ தூண்டலாலோ மனச்சோர்வு நீங்கினால், கைப் பயிற்சியும் தானாகச் சூடுபிடிப்பதைப் பயிற்சியாளர்கள் நன்கு அறிவார்கள். ஆகவே இதை முதலில் கவனிப்பது வீண் சுற்றன்று.

விழுங்குவதில் சிரமம், ஒரு பக்கத்தைக் கவனிக்கவே முடியாத நிலை ஆகியவற்றுக்கும் தூண்டல் ஆராயப்படுகிறது. சான்றுகள் இன்னும் முதிரவில்லை.

படி 3: தொடக்க நிலையை அளந்து எழுதி வைத்தல்

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியரின் குழு உருவாக்கிய எளிய சோதனை ஒன்று உண்டு. பக்கவாதம் வந்த மூன்று நாட்களுக்குள், தோளைப் பக்கவாட்டில் உயர்த்தும் வலிமைக்கும் விரல்களை நீட்டும் வலிமைக்கும் தலா 5க்கு மதிப்பெண் இட்டுக் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை 5 அல்லது அதற்கு மேல் இருந்தால், மூன்று மாதத்தில் கை நன்றாகவோ ஓரளவு நன்றாகவோ திரும்பும் வாய்ப்பு மிகுதி. அதற்குக் கீழே இருந்தால், முதல் வாரத்திலேயே காந்தத் தூண்டலைச் சோதனைக் கருவியாகப் பயன்படுத்துகிறார்கள்: பாதிக்கப்பட்ட பாதியைத் தூண்டும்போது கையின் தசையில் மின்சைகை பதிவானால், மூளையிலிருந்து கைக்கு வரும் நரம்புப் பாதை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

இந்தச் சோதனையை நான் பெரிதும் மதிக்கிறேன். கை துளியும் அசையாமல் தொங்கும் ஒருவரிடம்கூட அந்தச் சைகை கிடைத்தால், குடும்பம் நம்பிக்கையோடு உழைக்கலாம். கிடைக்காவிட்டால், கைக்காக மட்டும் மாதக்கணக்கில் பணத்தைச் செலவிடுவதற்குப் பதில், நடை, சமநிலை, ஒரு கையால் அன்றாட வேலைகளைச் செய்யும் திறமை ஆகியவற்றில் முயற்சியைத் திருப்பலாம். வருத்தம் தரும் செய்தியானாலும் அது திட்டமிடுவதற்கு உதவும் செய்தி.

எந்தக் கட்டத்தில் தொடங்கினாலும், சிகிச்சைக்கு முன் ஃபியூகல்-மேயர் அளவுகோலால் கையை மதிப்பிட்டு எழுதித் தரும்படி கேளுங்கள். இதில் மேற்கைக்கான முழு மதிப்பெண் 66. நாட்பட்ட நோயாளியிடம் சுமார் 5 மதிப்பெண் உயர்ந்தால்தான் அன்றாட வாழ்வில் உணரக்கூடிய முன்னேற்றமாகப் பொதுவாகக் கருதுகிறார்கள். இதனுடன், தேர்ந்தெடுத்த இலக்கு வேலையை நோயாளி செய்யும் விதத்தை அலைபேசியில் ஒரு நிமிடம் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பார்க்கும் கண்களுக்கு முன்னேற்றமும் தெரியாது, முன்னேற்றமின்மையும் தெரியாது.

படி 4: பாதுகாப்பு விவரங்களை மறைக்காமல் சொல்லுதல்

காந்தத் தூண்டலில் மிகவும் அஞ்சப்படும் பக்கவிளைவு வலிப்பு, அதாவது ஃபிட்ஸ். முறையான அளவில் கொடுத்தால் இது மிக அரிது. ஆனால் பக்கவாதத்தின் தழும்பே வலிப்பைத் தூண்டக்கூடியது என்பதால், பக்கவாதத்துக்கு முன்போ பின்போ ஒரு முறையேனும் ஃபிட்ஸ் வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். திருமண வயதில் மகள் இருக்கிறாள், வெளியில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று இதை மறைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு; இந்த இடத்தில் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

தலைக்குள் அல்லது தலைக்கருகில் உள்ள உலோகமும் மின்கருவிகளும் அடுத்த கேள்வி. காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, மூளையில் பதித்த மின்முனைகள், இரத்தக் குழாய் வீக்கத்துக்கு இட்ட கிளிப், இதயத்தின் பேஸ்மேக்கர், பழைய விபத்தில் தங்கிய உலோகத் துணுக்கு எதுவாயினும் பழைய மருத்துவச் சீட்டுடன் காட்டுங்கள். இவற்றுள் சில இருந்தால் காந்தத் தூண்டலே கூடாது. மூளை வீக்கத்தைத் தணிக்க மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்தாலோ பின்னர் தகடு வைத்து மூடியிருந்தாலோ, மின்னோட்டம் பரவும் விதமே மாறிவிடும் என்பதால் அதையும் தனியே குறிப்பிட வேண்டும்.

உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வதே எளிய வழி. வலிக்குத் தரும் டிரமடால், மனச்சோர்வுக்குத் தரும் புப்ரோபியான், மனநோய்க்குத் தரும் க்ளோசபின் ஆகியவை வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டக்கூடியவை. மறுபுறம், தூக்கத்துக்குத் தரும் பென்சோடயசிபின் வகை மாத்திரைகள் தூண்டலின் பலனை மழுங்கச் செய்யலாம். எந்த மாத்திரையையும், குறிப்பாக வலிப்பு மாத்திரையையும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையும், சிகிச்சைக்காக என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. சிட்டிங்குக்கு முந்தைய இரவு நன்றாகத் தூங்குவதும் மதுவைத் தவிர்ப்பதும் வெறும் அறிவுரையல்ல. தூக்கமின்மையும் மதுவும் வலிப்புக்கு நேரடிக் காரணிகள்.

தோள்மூட்டு நழுவி வலிக்கும் கையையும், இறுகி மூடிய கைவிரல்களையும் முதலில் சரிசெய்ய வேண்டும். இறுக்கம் கடுமையாக இருந்தால் போட்டுலினம் ஊசியும் தாங்குபட்டையும் உதவும். விரலைத் திறக்கவே முடியாத கையில் பயிற்சிக்கு இடமில்லை. பயிற்சி இல்லாதபோது தூண்டலால் பயனுமில்லை.

படி 5: பெரிய ஆய்வுகள் சொல்வதைக் கேட்டு முறையைத் தேர்தல்

சிறிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் காந்தத் தூண்டல் பலன் தருவதாகவே தெரிகிறது. ஆனால் நிச் என்ற பெயரில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2018இல் வெளியானபோது பலரும் திடுக்கிட்டனர். பக்கவாதம் வந்து 3 முதல் 12 மாதங்களான 199 பேர் அதில் சேர்ந்தனர். ஒரு பிரிவினருக்கு நல்ல பாதியின்மேல் மெதுவான உண்மைத் தூண்டல். மற்றொரு பிரிவினருக்கு அதே தோற்றமுடைய போலித் தூண்டல். இரு பிரிவினருக்கும் தூண்டலைத் தொடர்ந்து முறையான கைப் பயிற்சி. முடிவில் உண்மைப் பிரிவில் 67 விழுக்காட்டினரும், போலிப் பிரிவில் 65 விழுக்காட்டினரும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும்.

இந்த முடிவைத் தோல்வி என்று மட்டும் படிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பக்கவாதம் வந்து மாதங்கள் கடந்த நோயாளிகளில் மூன்றில் இருவர், ஆறு வாரக் கட்டுக்கோப்பான பயிற்சியால், போலித் தூண்டலுடன்கூட முன்னேறினார்கள். அந்தக் கட்டுக்கோப்பான பயிற்சிதான் நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைக்காமல் போகிறது.

நேர்மின்னோட்டத்தின் நிலையும் இதுவே. டிரான்ஸ்போர்ட்2 என்ற அமெரிக்க ஆய்வு, 129 பேரை மூன்றாகப் பிரித்து, 0, 2, 4 மில்லி ஆம்பியர் அளவுகளை, நல்ல கையைக் கட்டுப்படுத்திப் பாதிக்கப்பட்ட கைக்குத் தரும் பயிற்சியுடன் சேர்த்துச் சோதித்தது. 2025இல் வெளியான அதன் முடிவு, மின்னோட்டம் பாதுகாப்பானது, ஆனால் பயிற்சியின் பலனுக்குமேல் எதையும் கூட்டவில்லை என்பதே.

சிறிய ஆய்வுகளுக்கும் பெரிய ஆய்வுகளுக்கும் உள்ள இந்த முரண்பாட்டுக்கு ஒரு காரணம், ஆட்களுக்கிடையே உள்ள வேறுபாடு. 52 நலமானவர்களுக்கு ஒரே வகைத் தூண்டலைக் கொடுத்து 2013இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், சிலருடைய மூளை எதிர்பார்த்த திசையிலும் சிலருடைய மூளை எதிர்த்திசையிலும் மாறியது. கூட்டிப் பார்த்தால் விளைவே இல்லை. சேதத்தின் இடம், அளவு, பக்கவாதத்துக்குப் பின் கழிந்த காலம் ஆகியவையும் சேரும்போது இந்த வேறுபாடு இன்னும் பெருகுகிறது. எனவே நடைமுறையில் நான் சொல்வது இது: பக்கவாதம் வந்து சில வாரங்கள் முதல் ஆறு மாதங்களுக்குள் இருந்து, கையில் ஓரளவேனும் அசைவோ தசையில் மின்சைகையோ கிடைத்து, தினசரிப் பயிற்சியும் உறுதியாக இருந்தால், காந்தத் தூண்டலை 10 அல்லது 15 சிட்டிங் முயன்று பார்ப்பது நியாயம். ஓராண்டு கடந்து, அசைவும் சைகையும் இல்லாமல் இருந்தால், அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

படி 6: சிட்டிங்கில் நடப்பவை

காந்தத் தூண்டலின் முதல் நாளில் பாதி நேரம் அளவெடுப்பதிலேயே செல்லும். காதுகளில் ஒலித் தடுப்பான் வைப்பார்கள், ஏனெனில் சுருள் ஒவ்வொரு துடிப்புக்கும் உரத்த ‘டக்’ ஒலி எழுப்பும். எட்டு வடிவச் சுருளைத் தலையில் சிறிது சிறிதாக நகர்த்தி, எந்த இடத்தில் வைத்தால் கட்டைவிரல் நன்றாகத் துடிக்கிறது என்று தேடுவார்கள். பிறகு தூண்டலின் வலிமையைக் குறைத்துக்கொண்டே வந்து, பத்து முறையில் ஐந்து முறையேனும் தசைச்சைகை தோன்றும் மிகக் குறைந்த அளவைக் குறித்துக்கொள்வார்கள். அதுவே அந்த நோயாளியின் வாசல் அளவு. அதை அடிப்படையாகக் கொண்டே சிகிச்சையின் வலிமை கணக்கிடப்படும். வாசல் அளவைக் கண்டறியாமல் நேரே சிகிச்சையைத் தொடங்கும் நிலையத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

நொடிக்கு ஒரு துடிப்பு வீதம் 900 துடிப்புகளுக்கு 15 நிமிடமும், 1,200 துடிப்புகளுக்கு 20 நிமிடமும் ஆகும். வேகமான தூண்டலில் சில நொடி துடிப்பும் பல நொடி ஓய்வுமாக மாறி மாறி வரும். தீட்டா வெடிப்பு என்ற புதிய முறையில் 600 துடிப்புகள் சுமார் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். நேரம் குறைவு என்பதால் பலன் குறைவு என்று எண்ண வேண்டாம். நோயாளி விழித்தே இருப்பார், மயக்க மருந்து தேவையில்லை. தலைத்தோலில் தட்டுவது போன்ற உணர்வும் பிறகு இலேசான தலைவலியும் சிலருக்கு இருக்கும்.

நேர்மின்னோட்டத்தில் கவனம் செலுத்த வேண்டியது தோலின்மேல். பஞ்சு காய்ந்திருந்தாலோ மின்முனை சரியாகப் படியாவிட்டாலோ தோல் புண்ணாகும். உணர்ச்சி குறைந்த பக்கத்தில் எரிச்சலை நோயாளியால் உணர முடியாது என்பதால், ஒவ்வொரு முறையும் தோலைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

சிட்டிங்கின்போது வலிப்பு வந்தால், நோயாளியை ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, மூச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கையில் சாவியையோ இரும்புத் துண்டையோ திணிப்பதாலும், வாயில் கரண்டி வைப்பதாலும் எந்தப் பயனுமில்லை, காயமே உண்டாகும். இதைக் கையாளத் தெரிந்த மருத்துவர் சிகிச்சை நேரத்தில் கட்டடத்துக்குள் இருக்கிறாரா என்று முதல் நாளே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 7: தூண்டலை ஒட்டிய பயிற்சி

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் படி இதுதான். தூண்டலால் மூளையில் உண்டாகும் தயார்நிலை, பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் மட்டுமே நிலைக்கிறது. ஈரம் பாய்ச்சிய நிலத்தில் அன்றே விதைக்காவிட்டால் ஈரம்தான் வீணாகும். சிட்டிங் முடிந்ததும் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், மாலையில் பயிற்சி செய்துகொள்ளலாம் என்று நினைத்தால், அந்த வாய்ப்பு கடந்துவிடும். பயிற்சி அறை அதே கட்டடத்தில் இருக்க வேண்டும். காந்தத் தூண்டல் முடிந்த உடனேயும், நேர்மின்னோட்டமானால் அது ஓடிக்கொண்டிருக்கும்போதும், பயிற்சி நடக்க வேண்டும்.

பயிற்சி என்பது பயிற்சியாளர் கையைப் பிடித்து ஆட்டிவிடுவதன்று, எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதுமன்று. மூட்டு இறுகாமலிருக்க அவை உதவலாம். மூளைக்குக் கற்பிப்பது நோயாளி தானே முயன்று செய்யும் அசைவுதான். டம்ளரை எடுத்து வைப்பது, துணியை மடிப்பது, காசுகளைப் பொறுக்குவது, கதவின் தாழ்ப்பாளை நகர்த்துவது என இலக்கோடு தொடர்புடைய வேலையைத் தேர்ந்தெடுத்து, எளிதில் முடியாத, ஆனால் முயன்றால் முடியும் அளவில் வைத்து, நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டும். வழக்கமான ஒரு பயிற்சி நேரத்தில் நோயாளி உண்மையில் செய்யும் அசைவுகள் சில பத்துகளைத் தாண்டுவதில்லை. எண்ணிக்கையை யாரேனும் ஒருவர் குறித்துக்கொண்டே வந்தால் இந்தக் குறை உடனே வெளிப்படும்.

நல்ல கைக்கு உறை மாட்டித் தடுத்து, பாதிக்கப்பட்ட கையையே வேலைக்குப் பழக்கும் முறைக்கு, எக்ஸைட் என்ற பெயரில் 222 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வு வலுவான ஆதரவு தந்தது. மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதளவேனும் தாமாக நீட்ட முடிபவர்களுக்கு இது ஏற்றது. கருவி ஏதுமின்றி வீட்டிலேயே தொடரக்கூடியது என்பதால், தூண்டலுக்கு வசதியில்லாதவர்களுக்கும் இதைப் பரிந்துரைப்பேன். வீழாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் உடனிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், வீட்டிற்கே வந்து பிசியோதெரபி தரும் சேவையும் உண்டு. பயிற்சியாளர் வரும் நாளில் நோயாளிக்குப் பயிற்சி கொடுப்பதோடு, வீட்டில் ஒருவருக்கு அதைக் கற்றுத்தரும்படியும் கேளுங்கள்.

படி 8: மறுமதிப்பீடு

பத்தாவது சிட்டிங் முடிந்ததும் அதே அளவுகோல், அதே வேலை, அதே கோணத்தில் எடுத்த படம். மதிப்பெண் உயர்ந்து, இலக்கு வேலையிலும் மாற்றம் தெரிந்தால் தொடரலாம். மதிப்பெண் மட்டும் சற்று உயர்ந்து வேலையில் மாற்றமில்லை என்றால், பயிற்சியின் வகையை மாற்றுங்கள். இரண்டிலும் அசைவில்லை என்றால் நிறுத்துங்கள். ‘இன்னும் இருபது சிட்டிங் போனால் தெரியும்’ என்று அளவீடு எதையும் காட்டாமல் சொல்லப்படும் வாக்குறுதியை ஏற்க வேண்டியதில்லை.

வேகஸ் நரம்புத் தூண்டல்

நாட்பட்ட நோயாளிகளுக்கு இதுவரை கிடைத்தவற்றுள் மிக உறுதியான சான்று இந்த முறைக்கே உள்ளது. மார்பில் சிறு கருவியைப் பதித்து, அதிலிருந்து வரும் கம்பியைக் கழுத்தின் இடப் பக்க வேகஸ் நரம்பில் இணைக்கிறார்கள். நோயாளி ஓர் அசைவைச் செய்யும் அந்தக் கணத்தில், பயிற்சியாளர் பொத்தானை அழுத்துகிறார். அரை நொடி மட்டும் நரம்பு தூண்டப்படுகிறது. அந்தச் சைகை மூளைத்தண்டின் வழியே சென்று, கற்றலை உறுதிப்படுத்தும் வேதிப்பொருள்களை மூளை முழுவதும் சுரக்கவைக்கிறது. செய்த அசைவு சரியானது, அதை நினைவில் வை என்று மூளைக்குச் சொல்லும் வேலை இது.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 108 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. அனைவரும் இரத்தக் குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்து குறைந்தது ஒன்பது மாதங்கள் கடந்தவர்கள். ஆறு வாரத்தில் 18 பயிற்சி நேரங்கள். ஒவ்வொன்றிலும் 300க்கு மேற்பட்ட அசைவுகள். உண்மைத் தூண்டல் பெற்றவர்கள் ஃபியூகல்-மேயரில் சராசரியாக 5 மதிப்பெண்ணும், மற்றவர்கள் 2.4 மதிப்பெண்ணும் உயர்ந்தனர். மூன்று மாதத்துக்குப் பின் பயனுள்ள முன்னேற்றம் கண்டவர்கள் முறையே 47 விழுக்காடும் 24 விழுக்காடும். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி அளித்தது. அறுவைச் சிகிச்சையால் குரல் கரகரப்பு போன்ற சிக்கல்கள் வரக்கூடும்; செலவும் மிக அதிகம். தூண்டலை ஒவ்வொரு அசைவோடும் சேர்த்துக் கொடுக்கும் முறை வென்றதும், பயிற்சிக்கு முன்னால் தனியே கொடுக்கும் முறை தடுமாறியதும் தற்செயலென்று நான் நினைக்கவில்லை.

மூளைக்குள் நேரடியாக மின்முனை பதிக்கும் முயற்சிகளும் உள்ளன. மூளை மேலுறைமேல் மின்முனை வைத்த எவரெஸ்ட் ஆய்வு தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. சிறுமூளையின் ஆழத்தில் தூண்டும் முறையைக் கிளீவ்லாந்து கிளினிக்கில் 12 பேரிடம் சோதித்து 2023இல் நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டனர். ஆய்வுக்கு வெளியே இதை இப்போது யாரும் நாட வேண்டியதில்லை.

வீட்டுக் கருவிகளும் நிலையத்தைத் தேர்வதும்

இணையத்தில் விற்கப்படும் நேர்மின்னோட்டக் கருவிகளை மருத்துவர் மேற்பார்வையின்றி வாங்கிப் பயன்படுத்துவதை நான் எதிர்க்கிறேன். மின்முனையை இரண்டு விரற்கடை தள்ளி வைத்தாலே தூண்டப்படும் பகுதி மாறிவிடும். நலமானவர்களின் மண்டையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட குறிப்புகள், தழும்பேறிய மூளைக்குப் பொருந்தும் என்ற உறுதி இல்லை.

நிலையத்துக்குச் செல்லும்போது ஸ்கேன் படங்கள், மருத்துவமனை விடுப்புச் சீட்டு, மாத்திரைப் பட்டியல் ஆகியவற்றுடன் சில கேள்விகளையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பாதியின் எந்தப் பகுதியை, நொடிக்கு எத்தனை துடிப்பில், மொத்தம் எத்தனை துடிப்பு தூண்டப் போகிறார்கள்? என் நோயாளிக்கு அந்த முறையைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் என்ன? சிட்டிங் முடிந்ததும் யார், எவ்வளவு நேரம் பயிற்சி தருவார்? மதிப்பீட்டை எப்போது, எந்த அளவுகோலில் எடுப்பார்கள்? பயிற்சியையும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு, பாதியில் நிறுத்தினால் மீதித் தொகை திரும்பக் கிடைக்குமா? பதில்களை ஒப்புதல் படிவத்துடன் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். சிகிச்சை நடக்கும் வாரங்களில் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. முகம் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் புதிதாகச் சோர்தல் எதுவும் தோன்றினால் சிட்டிங்குக்குப் போகாமல், நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.